முன்பக்கச் சத்தம்: சஸ்பென்ஷனில் எதை மாற்றுவது, எந்தப் பாகத்தை வாங்குவது?

கேள்வி, காரைக்குடியிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் டீசல்; 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆத்தங்குடிக் கல் வியாபாரம் செய்வதால் வாரத்தில் நான்கு நாளாவது காரைக்குடிக்கும் ஆத்தங்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையே ஓட வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஊரணிக் கரையோரச் செம்மண் பாதைகளும் கணக்கில்லாத வேகத்தடைகளும்தான்.

மெதுவாகக் கரடுமுரடான பாதையில் போகும்போது முன் இடப்பக்கத்தில் ‘கடக், கடக்’ என்று சத்தம் வருகிறது. வேகம் கூடினால் கேட்பதில்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டங்’ என்று ஓர் ஒலி எழுகிறது, திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரத் தயங்குகிறது. முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் தேய்ந்திருக்கின்றன. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து தெரிகிறது.

பட்டறையில் நான்கு ஷாக் அப்சார்பர், நான்கு ஸ்பிரிங், இரண்டு லோயர் ஆர்ம், லிங்க் ராட், ரேக் எண்ட் என எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிப் பாகம் என்றால் ஒரு விலை, ‘லோக்கல் செட்’ என்றால் அதில் பாதிக்கும் குறைவு. பின்பக்கத் தாழ்வுக்கு ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகினால் போதும் என்று துணைப்பொருள் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். எதை நம்புவது என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

மறுமொழி, தேவகோட்டையிலிருந்து

வணக்கம் தம்பி. பட்டறைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் வண்டியின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்; பின்பக்கம் டோர்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத்தண்டு. இரண்டும் எளிய அமைப்புகள்தான், சோதிப்பது கடினமில்லை.

மெதுவான ஓட்டத்தில், இடமும் வலமும் மாறி மாறி ஏறி இறங்கும் பாதையில் மட்டும் கேட்கும் ‘கடக்’ சத்தத்துக்கு முதல் சந்தேகம், வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராட் (இணைப்புத் தண்டு) மீதுதான் விழ வேண்டும். இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டு அதே பாதையில் 20 கி.மீ. வேகத்துக்கு மேற்படாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும், ஆகவே நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அது சஸ்பென்ஷனிலேயே விலை குறைந்த பாகங்களில் ஒன்று.

‘டங்’ ஒலி வேறு கதை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பட்டும். நீங்கள் ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் விரல் நுனியை மட்டும் வைத்துப் பாருங்கள், சுருள்களுக்கு இடையே விரலை விட வேண்டாம். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் முறுக்கிக்கொண்டு திடீரென்று துள்ளினால், ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங்கில் செம்மண் புகுந்து இறுகிவிட்டது என்று பொருள். ஸ்டியரிங் நடுவுக்கு வரத் தயங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பிறகு ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: மிதித்தவுடன் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால், லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாக வண்டியின் உடலோடு பிடித்திருக்கும் கை; அதன் பின் புஷ்ஷில், அதாவது உலோகத்தோடு ஒட்டிய ரப்பர் உறையில், கடப்பாரையின் நுனியைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால், ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். வெளித்தோலில் மெல்லிய வெடிப்பு இருப்பதை மட்டும் காட்டி மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

ஷாக் அப்சார்பரின் உடலில் தூசி ஒட்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது பழுதாகாது. எண்ணெய் வழிந்து கோடாக இறங்கியிருந்தால்தான் பழுது. ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் அதே அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பின்பக்க உயரத்தைத் தையல்காரர் நாடாவால் அளந்துவிட்டு எழுதுங்கள். சமதளத்தில், சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். டிக்கியில் என்ன சுமை இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி, மதுரையிலிருந்து

பள்ளத்தூரைச் சேர்ந்தவன், மதுரையில் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறேன். அண்ணன் சொன்ன சோதனைகளை முடித்த பிறகு வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

‘ஸ்விஃப்ட்டுக்கு ஸ்ட்ரட் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்காதீர்கள். டீசல் என்ஜின் பெட்ரோல் என்ஜினைவிடக் கனமானது. முன் ஸ்பிரிங் அதற்கேற்பவே அமைந்திருக்கும். இடது, வலது ஸ்ட்ரட்டுகளில் பிரேக் ஹோஸைப் பிடிக்கும் பிராக்கெட் எதிரெதிராக இருக்கும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் பிறகு எந்தக் கடையில் வேண்டுமானாலும் விலை கேளுங்கள்.

கம்பெனிப் பாகமா, வெளிப்பாகமா என்ற கேள்விக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை, 1961இல் தொடங்கப்பட்ட கேப்ரியல் இந்தியா போன்ற நிறுவனங்கள் கார் தயாரிப்பாளர்களுக்கும் கொடுக்கின்றன, தம் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. அங்கே பணத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் ரப்பர் உள்ள இடங்களில், அதாவது புஷ், ஸ்ட்ரட்டின் தலையைத் தாங்கும் ஸ்ட்ரட் மவுண்ட், ஸ்ட்ரட் முழுவதும் அமுங்கும்போது மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ஆகியவற்றில், நான் என் வண்டிக்குக் கம்பெனிப் பாகத்தையே போடுவேன். இரும்பை நகலெடுப்பது எளிது. ரப்பரின் கலவையை வெளித்தோற்றத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது.

லோயர் ஆர்மில் புஷ் மட்டும் கிழிந்து பால் ஜாயின்ட் நன்றாக இருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். அதற்குப் பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஆர்மின் வளையம் கோணிவிடும். பின் புஷ்ஷில் வெற்றிடம் விட்டு வார்த்திருப்பார்கள், அந்த வெற்றிடம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு அடையாளமும் இருக்கும். திசை மாறினால் புதிய புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இருந்தால் யோசிக்காமல் முழு ஆர்மாகவே வாங்குங்கள்.

ஸ்பிரிங் நடுவே செருகும் ரப்பர் பஃபர் வேண்டாம். அது செருகப்பட்ட சுருள் வேலை செய்யாமல் நின்றுவிட, அதன் பங்கையும் மற்ற சுருள்களே சுமக்கின்றன; வண்டி உயர்ந்தது போலத் தோன்றும், ஆனால் சவாரி கட்டையாகிவிடும், ஸ்பிரிங் உடைவதற்கும் வாய்ப்பு உண்டு.

மறுமொழி, திருப்பத்தூரிலிருந்து

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். வேலூர்ப் பக்கத்து ஊரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பாகத்தைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் காட்டிவிட்டு, பொருத்தும் இடத்தில் கோட்டைவிட்டவன் நான். கம்பெனி ஆர்ம் இரண்டையும் வாங்கிக் கொடுத்தேன். பட்டறையில் வண்டி லிஃப்ட்டில் தூக்கியபடி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டுகளை முழுவதும் முறுக்கிவிட்டார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே எழும்பும்; அந்தத் திருகலை ரப்பர் ஒவ்வொரு நொடியும் தாங்கிக்கொண்டே ஓட வேண்டியதாயிற்று. ஒரு வருடம் முடிவதற்குள் புஷ் கிழிந்தது. போல்ட்டைக் கையால் பொருத்தி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஸ்ட்ரட்டின் நடுத்தண்டை இடுக்கியால் பிடிக்க விடாதீர்கள். பளபளக்கும் அந்தத் தண்டில் ஒரு கீறல் விழுந்தால் அது மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சீலை அறுத்துவிடும். தண்டின் தலையில் ஆலன் சாவிக்கு இடம் விட்டிருப்பது நட்டை முறுக்கும்போது பிடித்துக்கொள்வதற்காகத்தான்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: போட்டுப் பார்த்தேன். ஸ்டியரிங் கூர்மையானது உண்மை. நம் செம்மண் தூசியில் கிரீஸ் உலர்ந்து, மரக்கதவு திறப்பதுபோலக் கிரீச்சிட்டதும் உண்மை.

கேள்வி கேட்டவர், மூன்று வாரம் கழித்து

அண்ணன்மார் மூவருக்கும் நன்றி. லிங்க் ராடுகளைக் கழற்றிவிட்டு ஊரணிக் கரையில் ஓட்டியபோது முக்கால்வாசிச் சத்தம் நின்றது. மீதிச் சத்தம் இடது ஆர்மின் பின் புஷ்: நெம்பியபோது ரப்பர் வாய் பிளந்தது. பால் ஜாயின்ட்டுகளிலும் ரேக் எண்டிலும் ஆட்டம் இல்லை. ஸ்ட்ரட் பேரிங் இரண்டும் இறுகியிருந்தன. கழற்றிக் கையில் வாங்கிச் சுழற்றியபோது மணலை அரைப்பதுபோல இருந்தது. வலது ஸ்ட்ரட் கசிந்திருந்ததால் முன் ஜோடியை மாற்றிவிட்டேன். பட்டியலில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் தேவைப்படவில்லை.

பின்பக்கத்தைப் பற்றி எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. அளக்கப் போனபோது டிக்கியில் பதினொரு பெட்டி மாதிரிக் கற்கள் இருந்தன. இறக்கி வைக்க மனமில்லாமல் மாதக்கணக்கில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, இதே மாடலை வைத்திருக்கும் மாமாவின் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி அளந்தால் அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. ஸ்பிரிங் வாங்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. அலைன்மென்ட் தாளில் முன்பக்கம் எல்லாம் பச்சையில் வந்துவிட்டது, ஆனால் பின் இடது சக்கரத்தின் டோ அளவு (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் சிவப்பில் நிற்கிறது. பின் அச்சில் சரிசெய்ய வழி கிடையாது என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

மறுமொழி, தேவகோட்டையிலிருந்து

உண்மைதான் தம்பி, டோர்ஷன் பீமில் திருகிச் சரிசெய்யும் இடம் கிடையாது. பீம் உடலோடு சேரும் இரண்டு புஷ்ஷுகளை முதலில் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் சக்கரத்தைத் தாங்கும் ஹப் உட்காரும் முகத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எப்போதோ பள்ளத்தில் விழுந்து பீம் லேசாக வளைந்திருக்கிறது. அளவு சற்றே விலகியிருந்து பின் டயரும் சீராகத் தேய்ந்தால் அப்படியே விடலாம். ஆனால் முன் சக்கரங்களின் டோவைப் பின் அச்சு காட்டும் திசையை ஆதாரமாக வைத்துச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் நேரான சாலையிலும் ஸ்டியரிங் சற்றுக் கோணலாகவே நிற்கும்.

கேள்வி கேட்டவர்

நிற்கிறது, வலப்பக்கமாக. நாளை காலை மறுபடியும் கொண்டுபோகிறேன், டிக்கியைக் காலி செய்துவிட்டு.