மேப்பிள் மூடியில் பதித்த படாக் பட்டையின் சிவப்பு பக்கத்து மரத்தில் இறங்குகிறது

மரச்சுருள்:
வணக்கம் நண்பர்களே. 300 × 200 மி.மீ. பெட்டி மூடி ஒன்று வேலையில் இருக்கிறது. வெளிர் நிற மேப்பிள் மரம், 14 மி.மீ. கனம். அதில் 6 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்து, ஆரஞ்சுச் சிவப்பு மரமான ஆப்பிரிக்க படாக்கில் அறுத்த பட்டை பதித்திருக்கிறேன். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே ஒன்று. வெள்ளை பிவிஏ பசை. பசை காய்ந்தபின் சுழல் சாண்டரில் 120, 180 உப்புத்தாள் போட்டதும் மேப்பிள் முழுக்க வெளிர் ஆரஞ்சு ஏறிவிட்டது. தூசிதானே என்று ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். இப்போது பட்டையின் இரு பக்கமும் 10 மி.மீ. அகலத்துக்கு ரோஸ் கறை. தனித் துண்டில் துணியால் ஷெல்லாக் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) பூசிப் பார்த்தாலும் இதே கதி.

இந்தக் கறையை எடுக்க வழி உண்டா? மேலே எந்தப் பூச்சு போடலாம்? பட்டையின் ஆரஞ்சு நிறம் எவ்வளவு காலம் நிற்கும்?

சீவுளி:
முதலில் அந்த ஸ்பிரிட் துணியை ஓரம் வையுங்கள். அது துடைக்கவில்லை, சாயம் தோய்த்திருக்கிறது.

படாக்கின் சிவப்பு சான்டலின் வகை நிறமிகளால் வருவது. செஞ்சந்தனத்தின் சிவப்பும் இதே குடும்பம்தான், இரண்டும் ஒரே பேரினம். இந்த நிறமி தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. ஆனால் ஸ்பிரிட், அசிட்டோன், லாக்கர் தின்னர் பட்டால் உடனே கரைந்து ஓடும். மத்திய ஆப்பிரிக்காவில் இந்த மரத்தை அரைத்து உடம்புக்கும் துணிக்கும் சிவப்புப் பொடியாகவே பூசியிருக்கிறார்கள். ஐரோப்பியச் சாயப் பட்டறைகளுக்கும் ‘பார்வுட்’ என்ற பெயரில் சாயக்கட்டையாகப் போனது. அந்தச் சாயப்பொடியைத்தான் உங்கள் சாண்டர் மேப்பிளின் நுண்துளைகளில் திணித்திருக்கிறது. ஸ்பிரிட் அதைக் கரைத்து இன்னும் உள்ளே இறக்கிவிட்டது.

எடுக்க ஒரே வழி சுரண்டுவது. தேய்க்கக் கூடாது. தேய்த்தால் புதுத் தூசி வரும், அதுவும் அதே துளைக்குள் போகும்.

ஒரு நாள் நன்றாகக் காயவிடுங்கள். பட்டையின் இருபுறமும் மேப்பிள்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, படாக்கை மட்டும் முதலில் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கூர் பிடித்த ஸ்க்ரேப்பர் தகடு போதும், பட்டையின் நீளவாக்கிலேயே இழுக்க வேண்டும். பிறகு வேக்கம் பிரஷ்ஷால் தூசியை உறிஞ்சி, காடி ஓரத்தைக் காற்றால் ஊதி, டேப்பை எடுத்துவிட்டுத் தகட்டையும் துடைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் மேப்பிள். ரேகையோடு போய் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை எடுத்தால் தூசிக் கறை முழுக்கப் போய்விடும். ஸ்பிரிட் இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருக்கும். உங்கள் பட்டை 3 மி.மீ. ஆழம் என்பதால் பயமில்லை. அரை மில்லி போனாலும் பட்டை நிற்கும். ஆனால் ஒரே இடத்தில் குழி பறிக்காமல் முழு மூடியையும் சேர்த்து இறக்குங்கள், இல்லாவிட்டால் பூச்சு போட்டபின் வெளிச்சத்தில் பள்ளம் தெரியும்.

அடுத்த மூடிக்கு ஒன்று: காடி எடுக்கும் முன்பே மேப்பிளின் மேல்முகத்துக்கு மெழுகு நீக்கிய ஷெல்லாக் இரண்டு கை கொடுத்துவிடுங்கள். 500 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 60 கிராம் செதில், அதற்குமேல் கெட்டி வேண்டாம். துளைகள் அடைபட்டுவிடும், பட்டையைச் சுரண்டும்போது விழும் தூசி மேலோடு நிற்கும். காடியைப் பிறகு வெட்டுவதால் அதன் சுவர் ஷெல்லாக் படாத வெறும் மரமாகவே இருக்கும், பசையும் பிடிக்கும்.

பூச்சுக்கை:
பூச்சு பற்றி நான் சொல்கிறேன். ஷெல்லாக்கே கூடாது என்று இல்லை. துணியால் பூசுவதுதான் கூடாது. துணி நனைந்து படாக்கின்மேல் போகும்போது நிறமியைக் கரைத்து எடுத்து, அடுத்த இழுப்பில் மேப்பிளில் தேய்த்துவிடுகிறது. அதே ஷெல்லாக்கை ஸ்ப்ரேயில் பனிபோல் அடித்தால் ஸ்பிரிட் நொடியில் பறந்துவிடும், நிறமிக்கு நகர நேரமே இருக்காது. 25 - 30 செ.மீ. தூரம், பளபளக்கும் அளவுக்கு நனையாமல் நாலு மெல்லிய கோட், இடையே பத்துப் பத்து நிமிடம். முதல் கோட்டில் மரம் காய்ந்த மாதிரியே தெரிந்தால் சரியாக அடித்திருக்கிறீர்கள். இரவு முழுக்க விட்டு, 400 உப்புத்தாளைக் கையில் பிடித்து இரண்டு தடவை தடவினால் போதும். பட்டைமேல் படலம் உடைந்து சிவப்புத்தூள் தாளில் ஒட்டினால் நிறுத்தி மறுபடி ஸ்ப்ரே.

மேலே தண்ணீர் கலந்த அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன், மூன்று கோட். நிறமி தண்ணீரில் கரையாதே, இதையே நேரடியாகப் பூசலாமே என்று தோன்றும். இந்தப் பூச்சுகளில் கிளைக்கால் ஈத்தர் வகைக் கரைப்பானும் கொஞ்சம் இருக்கும், அது சிவப்பை லேசாக இழுக்கும். அதனால் அடியில் ஷெல்லாக் படலம் இருப்பது நல்லது. எண்ணெய்ப் பூச்சு உங்கள் மூடிக்கு வேண்டாம். மேப்பிள் மஞ்சளாகிவிடும், படாக் முதல் நாளே ஒரு படி கறுக்கும்.

ஆரஞ்சு நிறம் நிற்காது. இதை உறுதியாகச் சொல்கிறேன், யாராவது நிற்கும் என்று டப்பா விற்றால் நம்ப வேண்டாம். வெளிச்சம்தான் முதல் காரணம், காற்றும் கூட. ஆரஞ்சு செங்கல் நிறமாகி, அப்புறம் கருஞ்சிவப்பாகி, கடைசியில் ஊதா கலந்த பழுப்பில் போய் நிற்கும். புற ஊதாத் தடுப்பு சேர்த்த பூச்சு இதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கண்ணாடி அலமாரிக்குள் வைத்தாலும் தப்பாது. கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியை விட்டுவிடும், சாதாரண வெளிச்சமும் நிறத்தை மாற்றும்.

கழிவுத் துண்டு ஒன்றை எடுத்து பாதியை அட்டையால் மூடி ஜன்னல் ஓரம் இரண்டு வாரம் வையுங்கள். அட்டையை எடுத்ததும் நடுவில் கோடு கிழித்த மாதிரி தெரியும். அந்தப் பழுப்பை மனசில் வைத்துத்தான் பக்கத்து மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேப்பிள் பரவாயில்லை, பழுப்பானாலும் எடுப்பாகவே இருக்கும். வால்நட்டோடு சேர்த்தால் முதல் மாதம் அட்டகாசமாக இருந்து, பின்னால் இரண்டும் ஒரே பழுப்பாகப் போய்விடும்.

மரச்சுருள்:
மிக்க நன்றி. தகடு இழுத்துப் பார்த்தேன், தூசிக் கறை இரண்டு மூன்று இழுப்பிலேயே போகிறது. ஸ்பிரிட் இறங்கிய இடத்தில்தான் நேரம் எடுக்கிறது. இன்னொரு சந்தேகம். மீதிப் படாக் பலகையை இழைக்கும்போது ஒரு பட்டை வழவழப்பாகவும் அடுத்த பட்டை பிய்ந்துகொண்டும் வருகிறது. திருப்பிப் பிடித்தால் நன்றாக வந்த இடம் பிய்கிறது. பலகை கெட்டதா?

காடி:
பலகையில் குற்றமில்லை. படாக்கில் ரேகை பல சமயம் பின்னிப் போகும். மரம் வளர வளர நார் ஒரு அடுக்கில் வலப்பக்கம் சாய்ந்து, அடுத்த அடுக்கில் இடப்பக்கம் சாயும். ஆரவாக்கில் (மரத்தின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி) அறுத்த முகத்தில் அந்த அடுக்குகள் பட்டை பட்டையாக வரும், எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதி எதிர் ரேகைதான். வெட்டுக் கோணத்தைக் கூட்டுவதே வழி. 45 பாகை இழைப்புளியில் அலகின் தட்டை முகத்தில் 15 பாகை பின்சரிவு வைத்தால் 60 ஆகும். அலகை மறுபடி தீட்டி, அதன்மேல் பூட்டும் தகட்டை அலகின் விளிம்பிலிருந்து 0.2 மி.மீ.க்கு நெருக்கி, காகிதம்போல் சீவல் எடுங்கள். மெஷினில் என்றால் ஒரு தடவைக்கு அரை மில்லிக்கு மேல் வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் குறுக்குப் பட்டை.

பச்சையிலிருந்து முழு உலர்வு வரை கடின மேப்பிள் வளையவாக்கில் (வளர்ச்சி வளையங்களை ஒட்டி) சுமார் 9.9 சதவீதமும் ஆரவாக்கில் 4.8 சதவீதமும் சுருங்கும். ஆப்பிரிக்க படாக் 5.2, 3.3. நிலையான மரம் என்று அதற்குப் பெயர் வந்ததே இதனால்தான். ஈரப்பதம் 1 சதவீதம் மாறினால் எவ்வளவு என்று பார்க்க இந்தச் சதவீதத்தை 30-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூடி 200 மி.மீ. அகலம். வளையவாக்குப் பலகையாக இருந்து ஈரம் 4 சதவீதம் இறங்கினால் 2.6 மி.மீ. குறுகும், ஆரவாக்குப் பலகை என்றால் 1.3 மி.மீ. குறுக்கே கிடக்கும் படாக் பட்டைக்கோ நார் அதன் நீளத்தில் ஓடுகிறது. நீளவாக்கில் எந்த மரமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு சுருங்காது. மூடி குறுகும், பட்டை குறுகாது. பட்டையின் முனை வெளியே துருத்தும், அல்லது பசை விட்டு நடுவில் எழும்பும். ஈரம் ஏறும் பருவத்தில் எதிர்ப்பக்கம் இழுத்து, பட்டையில் குறுக்கே வெடிப்பு விழும்.

அந்தக் குறுக்குப் பட்டையை இப்போதே ரவுட்டரால் (காடி வெட்டும் மெஷின்) எடுத்துவிடுங்கள், பூச்சு போட்டபின் எடுப்பது இரட்டை வேலை. மாற்றாக இரண்டு வழி. ஒன்று, 1 மி.மீ. கனமுள்ள மெல்லிய பட்டையாகப் பதிப்பது. அவ்வளவு மெல்லியது மேப்பிளோடு கொஞ்சம் இணங்கிப் போகும். இரண்டாவது, எனக்குப் பிடித்தது: அகலமான படாக் பலகையின் தலைப்பக்கத்திலிருந்து 6 மி.மீ.க்குக் குறுக்கே சீவல் அறுத்து, நார் மேப்பிளின் நார் ஓடும் திசையிலேயே இருக்கும்படி பதிப்பது. கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி ஒடியும், ஆனால் காடிக்குள் போய்ப் பசை பிடித்தால் உறுதியாக நிற்கும். மேப்பிள் ஆரவாக்குப் பலகையாக இருந்து, படாக் சீவலை வளையவாக்குப் பலகையிலிருந்து எடுத்தால் 4.8-க்கு 5.2. இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நகரும். நீளவாக்கில் இருக்கும் இரண்டு பட்டைகளைத் தொட வேண்டாம், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

கடைசல்:
இந்தத் தூசி உடம்புக்கும் ஆகாது. கண் எரிச்சல், தோல் அரிப்பு, மூச்சிறுக்கம் வரும், சிலருக்குப் பழகப் பழகக் கூடுமே தவிரக் குறையாது. என்-95 முகமூடி இல்லாமல் சாண்டரைத் தொடாதீர்கள். அதே பெஞ்சில் வெளிர் மரம் ஏதாவது கிடந்தால் முதலில் அதை மூடுங்கள்.

மீதிப் பலகையை வீணாக்காதீர்கள். கன மீட்டருக்கு 740 கிலோ சொச்சம் எடை, தேக்கைவிட நன்றாகவே கடினம், கடைசலில் சுத்தமாக வரும். கைப்பிடி, கிண்ணம், பொம்மைச் சக்கரம் எல்லாவற்றுக்கும் தகும். தட்டினால் கணீரென்று ஒலிப்பதால் மரிம்பா, சைலஃபோன் கட்டைகளுக்கும் ரோஸ்வுட்டுக்கு அடுத்தபடியாக இதைப் போடுகிறார்கள். காய்கறி வெட்டும் பலகைக்கு மட்டும் சொல்ல மாட்டேன், துளை பெரிசு, அழுக்கு தங்கும்.

வாங்கும்போது பெயரைக் கேட்டு வாங்குங்கள். அந்தமான் படாக்கும் ‘படாக்’ என்றே விற்கும், இனம் வேறு. கேமரூன், காபான், காங்கோ பக்கத்திலிருந்து வருவது டெரோகார்ப்பஸ் சோயாக்ஸி. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) மாநாட்டில் ஆப்பிரிக்காவில் வளரும் டெரோகார்ப்பஸ் இனங்கள் முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கட்டையோ அறுத்த பலகையோ நாட்டு எல்லை தாண்டினால் அனுமதிச் சீட்டு வேண்டும், விற்பவரிடம் அதைக் கேளுங்கள்.

சீவுளி:
காடி சொன்ன குறுக்குப் பட்டையை நான் கவனிக்கவில்லை, அவர் சொல்வதுதான் சரி. புதுப் பட்டை ஒட்டும்போது ஒரு விஷயம். பிதுங்கும் பசையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். படாக் தூசியோடு சேர்ந்து ரோஸ் கூழாகி மேப்பிளில் ஏறும், பசை காய்ந்தபின் அந்த இடம் பூச்சையும் குடிக்காது. அரை மணி நேரம் விட்டு, பசை ரப்பர் பதத்துக்கு வந்ததும் கூரான உளியைப் படுக்கப் போட்டு ஒரே இழையாக உரித்தெடுங்கள்.