1960களில் பிராகில் படித்தவரின் பதிவுகள் எங்கே கிடைக்கும்?

பெரியப்பா 1966-ல் செக்கோஸ்லோவாகிய அரசின் உதவித்தொகையில் பிராகுக்குப் போய்ப் படித்தவர். குடும்ப வரலாறு எழுதுகிறோம், அவருடைய படிப்புப் பதிவுகள் வேண்டும், கிடைக்கவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்ட நவம்பர் 17 பல்கலைக்கழகமே இப்போது இல்லை, நாடும் 1993-ல் இரண்டாகிவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தை ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களை மனத்தில் வைத்து 1961-ல் தொடங்கி 1974-ல் மூடிவிட்டார்கள். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுக்கப் பனிப்போரின் இரு முகாம்களும் போட்டிபோட்ட காலம், 1960-ல் மாஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகம் வந்ததும் இதே கணக்கில்தான்.

கையில் இருப்பது 'இண்டெக்ஸ்' என்ற மதிப்பெண் கையேடு மட்டும், அதிலும் பாதி கரையானுக்குப் போய்விட்டது. பெயர், பிறந்த தேதி, புகைப்படம் தெரிகின்றன, பதிவு எண் இல்லை. முதல் வருடம் செக் மொழி வகுப்பு, பிறகு இயந்திரப் பொறியியல், அது வேறொரு கல்லூரியில் என்கிறார். 1968 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் டாங்கிகள் வந்ததை மணிக்கணக்கில் சொல்வார், கல்லூரிப் பெயரைக் கேட்டால் மட்டும் யோசிக்கிறார்.

பிராகில் உள்ள ஒரு காப்பகத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். எந்தத் துறை என்று கேட்டார்கள், பதில் போட்டேன், அப்புறம் பேச்சு மூச்சில்லை. சான்றிதழ் சரிபார்க்கும் ஏஜென்சி ஒன்று, பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்கச் சொன்னது (மூடியே ஐம்பது வருடமாகிறது!). அவருடன் படித்தவர்களையும் தேடினோம், யாரும் சிக்கவில்லை.

1974-க்குப் பிறகு அந்த வெளிநாட்டு மாணவர்களின் கோப்புகள் எந்தக் காப்பகத்துக்குப் போயின என்று யாருக்காவது தெரியுமா?