இவ்வளவு காசு கொட்டியும் ஏன் இப்படித் தோக்குறாங்க? கைல் ஃபீல்ட் அனுபவங்களைச் சொல்லுங்க

மெரூன் சட்டை:
நம்ம டெக்சாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டியோட அமெரிக்கன் ஃபுட்பால் டீமைப் பத்தித்தான், கைல் ஃபீல்ட் நம்ம மைதானம். அங்க படிச்ச, படிக்கிற நம்மாளுங்க எல்லாரும் எழுதுங்க. நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.

2022 செப்டம்பர், ஆப்பலாச்சியன் ஸ்டேட் மேட்ச். தென்காசியிலிருந்து வந்து என்கூடத் தங்கியிருந்த அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். மதியம் 2:30. ஸ்டூடண்ட்ஸ் பக்கம் கிழக்குங்கிறதால வெயில் நேரா மூஞ்சில. அப்பா உட்காரப் பார்த்தார். சுத்தி ஒருத்தர்கூட உட்காரல, அவருக்கே கூச்சமாகி எழுந்துட்டார். மேட்ச் பத்தி என்ன சொல்ல? நாம ஆறாவது ரேங்க் டீம், கையில பந்தே இல்ல. அவங்க 82 பிளே, அதாவது 82 தடவை பந்தை எடுத்து ஆடினாங்க, நாம 38. 60 நிமிஷத்துல 41 நிமிஷம் பந்து அவங்ககிட்ட. இதுல வந்து ஆடிட்டுப் போறதுக்கு நாமதான் அவங்களுக்கு 15 லட்சம் டாலர் குடுத்திருந்தோம். 17-14.

முடிஞ்சது. யாரும் கிளம்பல. வெள்ளை டிரஸ்ல யெல் லீடர்ஸ், கூட்டத்தைக் கத்த வைக்கிற பசங்க, வந்து நின்னாங்க, மொத்த ஸ்டாண்டும் குனிஞ்சு கத்த ஆரம்பிச்சது. தோத்தாலும் நின்னு கத்திட்டுப் போறது வழக்கம்னு நமக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. முகம் மலர்ந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கி, "ஜெயிச்சிட்டீங்களாடா!"ன்னார். தோத்துட்டோம்ப்பான்னேன். "அப்புறம் எதுக்கு இந்தக் கூச்சல்?" இன்னைக்கு வரைக்கும் அவருக்குப் பதில் சொல்லல.

பெட்ரோலியம்காரன்:
ஆப் ஸ்டேட்டையே இவ்வளவு பெருசா சொல்றீங்கன்னா நீங்க 2017 யூசிஎல்ஏ மேட்ச் பார்க்கல. மூணாவது குவார்ட்டர்ல 44-10, நாம முன்னாடி. ஹூஸ்டன்ல நண்பர் வீட்டுல எல்லாரும் கூடியிருந்தோம், இனி என்ன இருக்குன்னு டிவி சத்தத்தைக் குறைச்சிட்டுச் சாப்பாடு போட ஆரம்பிச்சாச்சு. நண்பரோட மாமியார் மட்டும் சோபாவுல உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தாங்க. விதி ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரத்துல அடுப்படிக்கு வந்து, "தம்பி, அந்த நீலச் சட்டைக்காரங்க நம்பர் ஏறிட்டே போகுதே, அது நமக்கு நல்லதா கெட்டதா?"ன்னு கேட்டாங்க. ரசக்கரண்டியோட ஓடிப் போய்ப் பார்த்தா 44-31. மிச்சம் தெரியும்ல, 45-44.

அன்னைக்கு ராத்திரியே ரீஜென்ட் ஒருத்தர் கோச்சைத் தூக்கணும்னு ஃபேஸ்புக்ல எழுதினார். பல்கலைக்கழகத்தை நிர்வாகம் பண்ற போர்டுல இருக்கிறவர், முதல் மேட்ச் முடிஞ்ச சூட்டோட! என் கணக்குல வியாதி அங்கதான் இருக்கு. மைதானத்துல இல்ல, மேல பணக்காரங்க உட்கார்ற சூட் ரூம்ல. நவம்பர்ல கோச் சம்லினை அனுப்பினாங்க, ஃப்ளோரிடா ஸ்டேட்ல சாம்பியன்ஷிப் ஜெயிச்ச ஜிம்போ ஃபிஷரை 10 வருஷம், 75 மில்லியன் டாலர், முழு கேரண்டின்னு கூட்டிட்டு வந்தாங்க. வந்தவருக்குச் சான்சலர் ஒரு கேடயம் குடுத்தார், ஞாபகம் இருக்கா? தேசிய சாம்பியன்னு முன்கூட்டியே பொறிச்சு, வருஷத்துல 20-க்கு அப்புறம் மட்டும் இடம் காலியா விட்டது. கடைசியா நாம தேசிய சாம்பியன் ஆனது 1939-ல. கான்ஃபரன்ஸ், அதாவது நாம ஆடற காலேஜ் லீக், அந்தப் பட்டம் கடைசியா 1998. அதை வச்சுக்கிட்டுக் கேடயத்தை முதல்ல அடிக்கிறவங்களை என்ன சொல்றது.

கடலூர் எக்ஸ்பிரஸ்:
பெட்ரோலியம் அண்ணா, ரீஜென்ட் ஃபேஸ்புக்ல எழுதினதாலயா 34 பாயிண்ட் லீடு போச்சு? எல்லா ஊர்லயும் பணக்காரன் மூக்கை நுழைப்பான். அலபாமாவுல நுழைக்கலையா?

என் அனுபவம் சின்னது. 2015 டிசம்பர், ஃபைனல்ஸ் நேரம், எவன்ஸ் லைப்ரரி. நம்ம குவார்ட்டர்பேக், பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற கைல் ஆலன், வேற காலேஜுக்கு டிரான்ஸ்ஃபர்னு சேதி வந்தது. சில நாள்லயே இன்னொரு குவார்ட்டர்பேக் கைலர் மர்ரேயும் போறான்னு இன்னொரு சேதி. எதிர்ல உட்கார்ந்து கால்குலஸ் போட்டுட்டிருந்த பையன் போனைப் பார்த்தான், பென்சிலை வச்சான், மெதுவா கைதட்டினான். மூணே மூணு தட்டு. அப்புறம் திரும்பக் கால்குலஸ்.

பிரச்சினை அதுதான். ரெண்டு குவார்ட்டர்பேக், ரெண்டு பேரும் பின்னாடி என்எஃப்எல்-ங்கிற தொழில்முறை லீக்ல ஆடினவங்க, ஒரே மாசத்துல வெளிய. மர்ரே ஓக்லஹோமா போய் 2018-ல சிறந்த காலேஜ் ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் விருது வாங்கினான், 2019-ல என்எஃப்எல் ஆள் எடுக்கிற டிராஃப்ட்ல முதல் ஆள். நமக்கு 2014, 2015, 2016 மூணு வருஷமும் 8-5, எட்டு ஜெயிச்சு அஞ்சு தோத்தது. நாம உண்மையிலேயே பெரிய டீமா இருந்த வருஷம் 2012, எஸ்இசி கான்ஃபரன்ஸ்ல முதல் வருஷம், அலபாமாவை அவங்க ஊர்லயே 29-24. ஏன்? குவார்ட்டர்பேக் ஜானி மன்சியல். அவன் அஞ்சுக்கு மூணு நட்சத்திரம் வாங்கின ரெக்ரூட், காசு கொட்டி வாங்கினவன் இல்ல. ஜிம்போ காலத்துல குவார்ட்டர்பேக் ஹேன்ஸ் கிங் 2021-ல ரெண்டாவது மேட்ச்லயே கால் உடைஞ்சு உட்கார்ந்தான், அப்புறம் ஜார்ஜியா டெக் போய் நல்லா ஆடினான். மாவு எப்பவும் நல்ல மாவுதான் இங்க, தோசைக்கல்லு காயறதே இல்ல.

அதுக்காக எல்லாத்தையும் குவார்ட்டர்பேக் தலையில போடவும் முடியாது, அதையும் சொல்லிடறேன். 2013-ல அதே மன்சியல் இருந்தும் அலபாமாகிட்ட 49-42. 42 அடிச்சும் தோக்கிறவனுக்கு டிஃபென்ஸ்னு ஒண்ணு இருக்கா? நமக்கு ஒரு பக்கம் சரியானா இன்னொரு பக்கம் சரியும்.

பிரையன் அக்கா:
நான் போனது ஒரு மிட்நைட் யெல்லுக்குத்தான், மேட்சுக்கு இல்லை. முந்தின நாள் ராத்திரி 12 மணிக்கு, விளையாட்டே இல்லாத மைதானத்துல அவ்வளவு ஜனம். விளக்கை அணைச்சாங்க. அந்த இருட்டுல ஒரு குழந்தை "அம்மா, எப்ப ஆரம்பிக்கும்?"னு சுத்தத் தமிழ்ல கேட்டது. யாரோட குழந்தைன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. அவ்வளவுதான் என் கதை.

மெரூன் தம்பி, ஒண்ணு சொல்லணும். செப்டம்பர் மதிய மேட்சுக்கு வயசானவங்களை ஸ்டூடண்ட்ஸ் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்கப்பா. மூணரை மணி நேரம் நிக்கணும், அந்த வெயில்ல இளசுகளே மயங்கி விழுதுங்க. அப்பா அம்மா வந்தா நவம்பர் ராத்திரி மேட்சா பாருங்க, பகல் மேட்சுன்னா மேற்குப் பக்கம் நிழல்ல டிக்கெட் வாங்குங்க, விலை கூடன்னாலும் பரவாயில்லை. டிரான்ஸ்பேரண்ட் பை மட்டும்தான் உள்ள விடுவாங்க, அதனால அம்மாவோட கைப்பையைக் கார்லயே வச்சிடுங்க, இல்லைன்னா வாசல்ல நின்னு பஞ்சாயத்து. சுகர் மாத்திரை சாப்பிடறவங்கன்னா போறதுக்கு முன்னாடி வழக்கமா சாப்பிடறதை நேரத்துக்குக் குடுத்துக் கூட்டிட்டுப் போங்க, உள்ள விக்கிறது அவங்களுக்கு ஒத்துக்காது. மேட்ச் முடிஞ்ச உடனே காரை எடுக்க ஓடாதீங்க, ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்துல வெளிய வருவாங்க. பக்கத்துல எம்எஸ்சி-ங்கிற ஸ்டூடண்ட் சென்டர்ல ஏசியில உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுக் கிளம்புங்க. ஆனா எம்எஸ்சி வாசல் புல்தரையில கால் வைக்க விடாதீங்க, அது போர்ல இறந்தவங்க நினைவுக்கு. எங்க மாமனார் செருப்பைக் கழட்டிட்டு நடக்கப் போயிட்டார்.

மெரூன் சட்டை:
நன்றிக்கா. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. தோத்ததுதான் பிரச்சினை.

கேட்டி வாசி:
பெட்ரோலியம் சொல்றதுல பாதி சரி. இதைக் கேளுங்க.

2023 நவம்பர் 12, ஞாயிறு, ஜிம்போவைத் தூக்கின அன்னைக்கு. முந்தின நாள்தான் மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 அடிச்சிருந்தோம்! திங்கள்கிழமை ஆபீஸ்ல எங்க சீனியர் ஒருத்தர், ஏ அண்ட் எம்-ல படிச்சவங்க போடற பெரிய ஆகி ரிங் போட்டவர், நம்ம விளையாட்டுக்குக் காசு திரட்டற 12-த் மேன் ஃபவுண்டேஷனுக்கு வருஷா வருஷம் குடுக்கிறவர், கேன்டீன்ல என் பக்கத்துல உட்கார்ந்தார். வேலையை விட்டுப் போக ஒரு ஆளுக்கு 76 மில்லியன் டாலருக்கு மேல தரணும். அதுக்கு முன்னாடி யாருக்கும் குடுத்த பெரிய தொகை ஆபர்ன் 2020-ல அவங்க கோச் குஸ் மால்சானுக்குக் குடுத்த 21 மில்லியன் சொச்சம். உங்களுக்குக் கோபம் வரலையான்னு கேட்டேன். சாண்ட்விச்சைப் பிரிச்சுக்கிட்டே சொன்னார்: "காசு எங்ககிட்ட இருக்கு. பொறுமைதான் இல்ல." சொல்லிட்டு மோதிரத்தைத் துடைச்சார். அந்தத் தொனி இன்னும் காதுல இருக்கு. வெட்கமும் இல்ல, வருத்தமும் இல்ல, கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் அதைத்தான் சொல்ல வர்றேன். 2020-ல 9-1 போய் நாலாவது ரேங்க்ல முடிச்சோம். ஒரு நல்ல வருஷம். உடனே 2021-ல கான்ட்ராக்டை 2031 வரைக்கும் நீட்டி, வருஷத்துக்கு 9 மில்லியன்னு ஆக்கினாங்க. அதுக்கப்புறம் அந்த மனுஷன் எதுக்கு மாறணும்? அஃபென்ஸ் பழசாயிடுச்சு, என்ன ஆடணும்னு சொல்ற பிளே காலிங்கை வேற ஆள்கிட்ட குடுங்கன்னு ஊரே கத்துச்சு. 2022-ல 5-7 ஆன பிறகுதான் அதுக்குப் பெட்ரினோவைக் கொண்டு வந்தார். வேற ஒரு ஏழைக் காலேஜா இருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்தியிருப்பான், பயம் இருந்திருக்கும். மொத்தக் கணக்கு 45-25. இந்த விலைக்கு.

கடலூர் எக்ஸ்பிரஸ்:
2021-ல நம்பர் ஒன் அலபாமாவை 41-38 அடிச்சதும் அதே ஜிம்போதான், பேக்கப் குவார்ட்டர்பேக்கை வச்சு. அப்போ அலபாமா கோச்சா இருந்த சாபனோட பழைய அசிஸ்டென்ட்ல அவரை முதல்ல ஜெயிச்சவர் அவர்தான். அன்னைக்கு உங்க சீனியர் என்ன சொன்னார்னு கேட்டீங்களா?

கேட்டி வாசி:
அன்னைக்கு அவருக்குத் தொண்டையே போயிடுச்சு, பேசல.

லேப் டிஏ:
2022-ல புதுசா சேர்த்த ஆட்டக்காரங்களைப் பத்தி யாரும் சொல்லல. ரெக்ரூட்டிங் சைட்டுகள் மார்க் போட ஆரம்பிச்சதிலிருந்து அதுதான் உச்சம்னாங்க. சாபன் காசு குடுத்து வாங்கினாங்கன்னார், ஜிம்போ பிரஸ் மீட் போட்டுத் திட்டினார்.

என் லேப்ல டீம் பையன் ஒருத்தன் இருந்தான். பேர், நம்பர் எதுவும் சொல்ல மாட்டேன். ஃபால் முழுக்க ஒழுங்கா வந்தான், மரியாதையான பையன், கதவுல குனிஞ்சு வர்ற உயரம். கடைசி லேப் முடிஞ்சு ரிப்போர்ட்டைக் குடுக்கும்போது, "சார், அடுத்த செமஸ்டர் இந்தக் கிரெடிட் வேற காலேஜ்ல செல்லுமா?"ன்னு கேட்டான். எனக்குத் தெரியாது, ரெஜிஸ்ட்ரார்கிட்ட கேளுன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டான். அந்த வருஷம் சீசன் அப்படித்தான் கலைஞ்சது. ரெண்டு வருஷத்துல அந்த உச்சச் சேர்க்கையில பாதிக்கு மேல ஓரிகன், ஓல் மிஸ், அலபாமான்னு போயாச்சு. 18 வயசுப் பசங்களை மொத்தமா கொண்டு வந்து, முதல் வருஷமே 5-7 காட்டினா யார் நிப்பா?

ஆஸ்டின் பாண்டி:
எதிர்க் கட்சியிலிருந்து வர்றேன், அடிக்காதீங்க. காசு இருந்தும் தோக்கிறதுக்கு நீங்க புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. டெக்சாஸ் யூனிவர்சிட்டியில நாங்க 2010-ல 5-7, அப்புறம் கோச் சார்லி ஸ்ட்ராங்குக்கு மூணு சீசன், மூணும் நஷ்டம். 2016-ல கான்சாஸ்கிட்ட 24-21 தோல்வி. 2021-ல நம்ம ஊர்லயே, அதே கான்சாஸ், ஓவர்டைம்ல 57-56. நான் உள்ள இருந்தேன். கடைசியில ஜெயிக்க அவங்க ரெண்டு பாயிண்ட் முயற்சிக்குப் போனப்போ என் பக்கத்துல நின்ன தாத்தா வேற திசையில திரும்பி நின்னுக்கிட்டார். மைதானத்தைப் பார்க்கவே இல்ல. சத்தத்தை வச்சே தெரிஞ்சுக்கிட்டார்.

எங்களுக்கு மாறினது ஒரே காரணம், 2021-ல 5-7 ஆன பிறகும் கோச் சார்கிசியனை விட்டுவச்சாங்க. 2023-ல 12-2.

மெரூன் சட்டை:
பாண்டி, 2024 நவம்பர்ல எங்க ஊருக்கு வந்து 17-7 அடிச்சிட்டுப் போனீங்களே, அதுல எங்க அந்த ஒரே டச்டவுன் டிஃபென்ஸ் அடிச்சது. அஃபென்ஸ் சைபர். கோட்டுக்கு ஒரு யார்டு முன்னாடி நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, அதையும் தள்ள முடியல. 13 வருஷம் காத்திருந்த மேட்ச். அதைப் பத்தி யாராவது எழுதுவீங்கன்னுதான் இந்த இழையே. 7-1-ல இருந்து அந்த வருஷமும் 8-5.

முதுகலை 2025:
இப்ப இருக்கிறவன் நான்தான் போல. எல்லாரும் பழசையே பேசறீங்க. கோச் எல்கோ வந்து 2025-ல 11-0 போனோம், சவுத் கரோலினாகிட்ட பாதியில 30-3 பின்தங்கி 31-30 ஜெயிச்சோம். அன்னைக்குப் பாதியிலயே எழுந்து போனவங்க வெளிய கார் பக்கம் நடக்கிற டெயில்கேட் விருந்திலிருந்து திரும்ப ஓடி வந்து கேட்ல கெஞ்சினதைப் பார்த்தேன். "ஒரு தடவை வெளிய போனா உள்ள வர முடியாது"ன்னு அந்தக் கேட்காரம்மா ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுல ஒருத்தர் சூட் ரூம் பாஸ் கழுத்துல மாட்டியிருந்தார். அவரையும் விடல.

அப்புறம் ஆஸ்டின்ல 27-17 தோத்தோம். பிளேஆஃப் கைல் ஃபீல்ட்லயே, மயாமிகிட்ட 10-3 தோல்வி, கடைசி நிமிஷம் எண்ட் ஸோன்ல நாம எறிஞ்ச பந்தை அவங்க பிடிச்சிட்டாங்க. தெரியும், சொல்ல வேண்டாம். ஆனா இதை 2017-ஓட சேர்க்காதீங்க. அப்ப இருந்தது வேற டீம்.

பெட்ரோலியம்காரன்:
ஒத்துக்கறேன் தம்பி, டீம் வேற. எல்கோவுக்கும் கான்ட்ராக்ட் நீட்டிட்டாங்களே, அந்தக் கையெழுத்துப் போட்டவங்களும் வேறயா?