அலுவலக விக்கி: உங்கள் இடத்தில் யார் எழுதுகிறார்கள்?

ராக்கோழி (சென்னை, ஐ.டி. சப்போர்ட்)

வங்கி ஒன்றின் பேட்ச் வேலைகளை (கணினியில் மொத்தமாக, தானாக ஓடும் ஜாப்களை)க் கவனிக்கும் சப்போர்ட் டீம் எங்களுடையது. இராத்திரி ஷிப்ட் உண்டு. சீனியர் ஒருவர் பேப்பர் போட்டால், அதாவது ராஜினாமா செய்தால், உடனே தொடங்கும் சடங்கு கே.டி. செஷன், தெரிந்ததை மற்றவர்களுக்குக் கைமாற்றும் வகுப்பு. நோட்டீஸ் காலம் முழுக்க அவர் டீம்ஸில் பேசுவார், நாங்கள் ரெக்கார்ட் செய்வோம், வீடியோ ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நடுராத்திரியில் டிஸ்க் நிரம்பி ஜாப் நின்றால் அத்தனை நீள வீடியோவை யார் ஓட்டிப் பார்ப்பார்கள்? போனவருக்கே போன் அடிப்பார்கள். அவரும் பாவம், வேறு கம்பெனியில் இருந்துகொண்டு, "அந்த லாக் ஃபோல்டரைப் பாருப்பா" என்று தூக்கக் கலக்கத்தில் சொல்வார்.

கான்ஃப்ளுவென்ஸ் (ஆளாளுக்கு எழுதித் திருத்தும் விக்கி மென்பொருள்) இல்லாமல் இல்லை, இருந்தது. ஆளுக்கு மாதம் இத்தனை பக்கம் எழுத வேண்டும், அப்ரைசலில் பார்ப்போம் என்று மேனேஜர் விதி போட்டார். பக்கங்கள் கொட்டின, எல்லாம் மேனுவலிலிருந்து வெட்டி ஒட்டியவை. "லினக்ஸ் என்றால் என்ன" என்று கூட ஒரு பக்கம் வந்தது, சத்தியமாக.

அப்புறம் வந்த லீட் அந்த விதியைத் தூக்கிவிட்டார். ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரே ஒரு பக்கம். அலர்ட் மெயிலிலேயே அதன் லிங்க். மேலே செய்ய வேண்டியது மட்டும் இருக்கும்: எந்த சர்வர், என்ன கமாண்ட், எதைத் தொடக்கூடாது, யாரை எழுப்பலாம். காரணம், பழைய கதை எல்லாம் கீழே. அன்றைக்கு அந்தப் பக்கத்தை வைத்து வேலை பார்த்தவர், அதில் பிசகு கண்டால் டிக்கெட்டை மூடும் முன் அங்கேயே திருத்த வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பழைய பதிப்புதான் ஹிஸ்டரியில் இருக்கிறதே. எழுது என்றால் ஓடி ஒளிந்த ஆட்கள், தப்பைத் திருத்து என்றதும் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். அதுவும் அடுத்தவர் எழுதியதில் தப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் இடத்தில் எப்படி? ஐ.டி. அல்லாதவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.

கோப்பு ஏழு

எங்களுக்கு ஷேர்பாயிண்ட், மைக்ரோசாஃப்டின் ஆவணத் தளம். பக்கத்தைப் பார்க்க ஓர் ஒப்புதல், திருத்த இன்னொன்று, திருத்தியது வெளியாக மூன்றாவது. ஒரு படிவத்தின் பெயர் மாறியதைத் திருத்தி மேலே அனுப்பினேன். ஒப்புதல் வருவதற்குள் படிவம் மறுபடி மாறிவிட்டது. ஆகவே வேலையெல்லாம் வாட்ஸப் குழுவில்தான். "அந்த சர்க்குலர் யாரிடமாவது இருக்கா" என்று கேட்டால் உடனே வந்துவிடும், ஒன்றுக்கு மூன்றாக. எது கடைசியாக வந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஸ்பேனர் (கோவை, மெயின்டனன்ஸ்)

ராக்கோழி சார், ஐ.டி. அல்லாத அனுபவம் இதோ. பம்ப் பாகங்கள் கடையும் யூனிட். சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷின்கள், இரண்டு பழைய ரேடியல் டிரில், ஒரு வயதான கம்ப்ரஸர். பத்து வருடம் பழகிய ஃபிட்டருக்கு மெஷினின் சத்தம் போதும், என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் ஊருக்குப் போன வாரம்தான் மெஷின் நிற்கும்.

ஸ்டோரில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளைப் போட்டோம். இலவசம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், அதற்கு டேட்டாபேஸ் வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் பேக்கப் முடிந்தது. விக்கி மென்பொருளே நாளை ஓடாவிட்டாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். எங்களை மாதிரி ஐ.டி. ஆள் இல்லாத யூனிட்டுக்கு அது பெரிய நிம்மதி.

யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல். கிரீஸ் கையோடு கீபோர்டைத் தொட யாரும் தயாரில்லை. ஒரு ஃபிட்டர் அண்ணன், "நான் வாயில சொல்றேன், நீ வேணா எழுதிக்கோ" என்றார். அதையே வழியாக்கிக்கொண்டோம். வேலை முடிந்ததும் வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் நோட், கழற்றிய பாகத்தின் போட்டோ ஒன்று. டிப்ளமோ முடித்து வந்த அப்ரன்டிஸ் பையன் மாலையில் அதைப் பக்கமாக்குவான். சந்தேகம் வந்தால் அண்ணனிடமே போய்க் கேட்பான். அப்படிக் கேட்டே பையன் தொழில் பழகிவிட்டான் என்பது நாங்கள் எதிர்பார்க்காத லாபம்.

அடுத்த தலைவலி தேடல். ஸ்பிண்டில் என்று ஒருத்தர், சுபிண்டில் என்று இன்னொருத்தர், ஆங்கில எழுத்திலேயே மூன்றாமவர். பேரிங், பேரிங்கு, பியரிங். தேடினால் ஒன்று வரும், மற்றது வராது. பொது எழுத்து முறை ஒன்று வகுக்கலாம் என்று சூப்பர்வைசர் பட்டியல் போட்டார். யாரும் சீந்தவில்லை. கடைசியில் பக்கத் தலைப்பில் சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்தோம். மெஷின் எண், அலாரம் எண், அவ்வளவுதான். எண்ணில் யாரும் ஸ்பெல்லிங் தப்பு விட முடியாதே. பக்கத்தின் அடியில் ஒரு வரியில் எல்லா எழுத்து வகைகளையும் கொட்டி வைத்தோம். மெஷினின் பேனல் கதவில் ஒரு கியூ.ஆர். ஸ்டிக்கர்; மொபைலில் ஸ்கேன் செய்தால் அந்த மெஷினின் பக்கம் திறக்கும். ஸ்டிக்கரில் கூலன்ட் தெறித்து அழிகிறது, லேமினேட் செய்து ஒட்ட வேண்டும்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. மூத்த ஃபிட்டர் ஒருவர் வாய்ஸ் நோட்டே அனுப்ப மாட்டார். "எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் என்னை எதுக்கு வெச்சுக்கப் போறாங்க?" அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் குறைப்பு நடந்த இடத்திலிருந்து வந்தவர் அவர்.

டோனர் தூசி (மதுரை, காப்பியர் சர்வீஸ்)

ஸ்பேனர் அண்ணா, உங்கள் மூத்த ஃபிட்டர் கேட்டதை எங்கள் தொழிலில் ஒரு கம்பெனி முன்பே யோசித்திருக்கிறது. 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சர்வீஸ் டெக்னீஷியன்களோடு கூடவே சுற்றினார். மேனுவலில் இருந்தது படிப்படியான கட்டளைகள். டெக்னீஷியன்கள் மெஷினை மீட்டது வேறு வழியில்: ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது, "எனக்கு ஒரு தடவை இப்படி ஆச்சு" என்று ஒருவருக்கொருவர் சொன்ன கதைகளால். டீக்கடையில் நாங்கள் செய்வதும் அதேதான், எங்களை ஆராய யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அறிவைச் சேர்த்து வைக்க யுரேகா என்று ஒரு சிஸ்டம் கட்டினார்கள். 1990களில் முதலில் பிரான்சில் ஓடியது, அப்புறம் மற்ற நாடுகளுக்குப் போனது. டெக்னீஷியன் தான் கண்டுபிடித்த குறிப்பை எழுதுவார். அனுபவமுள்ள சக டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள். சரி என்றால் அவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். குறிப்புக்குக் காசு கொடுக்கலாம் என்ற பேச்சும் வந்திருக்கிறது. டெக்னீஷியன்களே வேண்டாம் என்றார்கள், காசு வைத்தால் எண்ணிக்கைதான் ஏறும் என்று. ராக்கோழியின் மேனேஜர் போட்ட அப்ரைசல் விதியை அவர்கள் அன்றே வேண்டாம் என்றிருக்கிறார்கள்!

அப்ரன்டிஸ் எழுதுகிறான் சரி, பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது?

ராக்கோழி

அந்தக் கேள்வி எங்களுக்கும்தான். கான்ஃப்ளுவென்ஸில் கடைசியாகத் திருத்தியவர் பெயரும் தெரியும். ஒரு கமாவை மாற்றியவர் ஆசிரியர் போல நிற்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கான்ஃப்ளுவென்ஸின் சர்வர் பதிப்புக்கான (நம் சொந்த சர்வரில் நிறுவி ஓட்டுவது) ஆதரவு 2024 பிப்ரவரி 15-ஆம் தேதியோடு முடிந்தது இல்லையா, அதற்கு முன் நாங்களும் கிளவுடுக்கு மாறினோம். வீடு மாற்றும்போது சாமான்களைப் பார்க்கிற மாதிரிதான், எது யாருக்கும் வேண்டாதது என்று அப்போதுதான் தெரிந்தது. அலர்ட் பக்கங்கள் எல்லாம் சமீபத்தில் தொட்டவை. அப்ரைசல் காலத்துப் பக்கங்களை எழுதியவர்கூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. அழிக்கலாமா என்று கேட்டால் "இருக்கட்டும், என்றைக்காவது உதவும்" என்று மேலிடம் சொல்லிவிட்டது.

உதவவில்லை. இப்போது விக்கியைப் படித்துப் பதில் சொல்லும் ஏ.ஐ. உதவியாளர் ஒன்று வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதனிடம் கேட்க, எப்போதோ நிறுத்திவிட்ட சர்வரின் பெயரோடு அழகாக, தெளிவாக, ஒரு தயக்கமும் இல்லாமல் பதில் வந்தது. பக்கத்தை நேராகத் திறந்திருந்தால் மேலே இருக்கும் பழைய தேதியைப் பார்த்து அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும். பதிலில் அந்தத் தேதி இல்லை. சர்வரே இல்லாததால் கமாண்ட் ஓடவில்லை, பிழைத்தோம். அதற்கப்புறம்தான் செத்த பக்கங்களைத் தனி இடத்துக்கு ஒதுக்கி, தேடலிலிருந்து எடுக்க மேலிடம் ஒப்புக்கொண்டது.

கோப்பு ஏழு

எங்களுக்கும் ஏ.ஐ. வருகிறதாம். ஒப்புதலுக்குப் போயிருக்கிறது.

ஸ்பேனர்

டோனர் தம்பி கேட்டதற்கு: இதுவரை அப்ரன்டிஸ் பெயர்தான் இருந்தது, அவன் லாகின் என்பதால். இந்த வாரம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். முதல் வரியிலேயே "சொன்னவர்" என்று ஃபிட்டர் பெயர், அடுத்த வரியில் "எழுதியவர்". மூத்தவரிடம் இதைச் சொன்னேன். வாய்ஸ் நோட் அனுப்புவதாக ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கம்ப்ரஸர் பக்கத்தைக் காட்டச் சொல்லி முழுதும் படித்தார். வால்வு பற்றி இன்னொருவர் சொல்லியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இது தப்பு, இப்படிக் கழட்டினா கேஸ்கெட் கிழியும்" என்றார். பையன் பக்கத்திலேயே நின்றான், எழுதிக்கொண்டான். யார் பெயரில் போடட்டும் என்று கேட்டதற்கு, "இனிஷியலையும் சேர்த்துப் போடு, இங்கே அந்தப் பேர்ல ரெண்டு பேர் இருக்கோம்" என்றார்.