போலி லிங்க் பட்டியலை ஏழு சென்டரும் பகிர்ந்து தடுப்பது எப்படி?

தங்கச்சிமடம்_இசேவை:
பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் ஏழு இ-சேவை சென்டர்கள். எல்லாவற்றிலும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் பை-ஹோல் (வேண்டாத தளப் பெயர்களைத் தடுக்கும் மென்பொருள்) ஓடுகிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம், பேங்க் கேஒய்சி என்று வரும் போலி லிங்க் ஓரிடத்தில் சிக்கினால் மற்ற ஆறிலும் அடைபட வேண்டும். இப்போது வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டு, அவரவர் கையால் ஏற்றுகிறோம். குரூப்பில் வந்ததையே சிலர் தட்டிவிடுகிறார்கள். வேறு வழி உண்டா?

மண்டபம்_நெட்வொர்க்:
முழு லிங்க்கைக் குரூப்பில் போடவே கூடாது. எச்டிடிபியில் உள்ள இரண்டு டி-யையும் எக்ஸ் ஆக்கி, புள்ளிகளைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள், தட்டினாலும் திறக்காது.

வரிக்கு ஒரு தளப் பெயராக ஒரே டெக்ஸ்ட் ஃபைலை கிட்ஹப்பில் (ஃபைல்களை இணையத்தில் பகிரும் தளம்) வைத்து, அதன் ரா முகவரியை (ஃபைலின் எழுத்தை மட்டும் தரும் லிங்க்) ஏழு பை-ஹோலிலும் சேருங்கள். ஆனால் பை-ஹோல் தானாகப் பட்டியலைப் புதுப்பிப்பது வாரம் ஒரு முறை, ஞாயிறு விடிகாலையில்தான். போலித் தளம் அதற்குள் காசைக் கறந்துவிட்டுப் போயிருக்கும். கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓடவிடும் வசதி) பட்டியலைப் புதுப்பிக்கும் 'பைஹோல் -ஜி' கட்டளையை மணிக்கு ஒரு தரம் ஓடவிடுங்கள்.

வெறும் பெயர் போட்டால் அந்தப் பெயர் மட்டும்தான் அடைபடும். முன்னால் இரண்டு செங்குத்துக் கோடும் (||) பின்னால் கூரைக்குறியும் (^) போட்டால் சப்டொமைன்களும் (அந்தப் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்துச் சேர்ந்த பெயர்கள்) சேர்ந்து அடைபடும்.

கீழக்கரை_டிஎன்எஸ்:
அந்தக் கூரைக்குறியில்தான் ஆபத்தும் இருக்கிறது. போலிப் பக்கம் பிளாக்ஸ்பாட்டில் (யாரும் இலவசமாகப் பக்கம் தொடங்கும் கூகுள் தளம்) இருந்தால் முழு ஹோஸ்ட் பெயரை, அதாவது அந்தப் பக்கத்தின் முழுத் தளப் பெயரை மட்டும் போடுங்கள். தாய் டொமைனான பிளாக்ஸ்பாட்டையே போட்டால் நல்ல தளங்களும் சேர்ந்து போய்விடும். கூகுள் ஃபார்மில் இருந்தால் டிஎன்எஸ்ஸால் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை) தடுக்கவே முடியாது, அதற்குத் தளப் பெயர்தான் தெரியும், பின்னால் வரும் பாதை தெரியாது. அந்தப் பக்கத்திலேயே புகார் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். சுருக்கிய லிங்க் என்றால் அது கடைசியில் போய் நிற்கும் பெயரைப் பட்டியலிடுங்கள்.

லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் வாடிக்கையாளரின் மொபைல் எண் ஒட்டியிருக்கலாம். அதை வெட்டாமல் பகிரவே பகிராதீர்கள்.

தனி ஷீட்டில் பார்த்த தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட், சேர்த்த சென்டர் நான்கும் வேண்டும். இன்னொருவர் சரிபார்த்த பிறகே ஃபைலில் ஏறட்டும்.

தங்கச்சிமடம்_இசேவை:
பேங்க் பெயர்களில்தான் குழப்பம். அசலையே அடைத்துவிட்டால்?

கீழக்கரை_டிஎன்எஸ்:
வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. 'பேங்க்' என்பதற்கு முன்னால் புள்ளி இருக்கிறதா, ஹைஃபனா என்று பாருங்கள். ஹைஃபன் என்றால் அது வெறும் 'டாட் இன்' டொமைன், யாரும் வாங்கலாம். அசல் பெயர்களை முதலிலேயே அனுமதிப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.

மண்டபம்_நெட்வொர்க்:
ஒன்று விட்டுப்போச்சு. ரவுட்டரின் டிஹெச்சிபியில் (கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் அமைப்பைக் கொடுக்கும் பகுதி) இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 இருந்தால் உடனே எடுங்கள். கம்ப்யூட்டர் அதையும் கேட்கும், உங்கள் தடை பாதி நேரம் வேலை செய்யாது. பை-ஹோல் கேட்கும் மேல்நிலை டிஎன்எஸ்ஸாக குவாட்9-இன் 9.9.9.9 வையுங்கள், அதுவே பல அமைப்புகள் பகிரும் தரவை வைத்துத் தீய பெயர்களைத் தடுக்கும். ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ் (பை-ஹோலைத் தாண்டிப் போகக்கூடிய மறையாக்கிய டிஎன்எஸ்) 853 போர்ட் வழியாகப் போகும், அதையும் ரவுட்டரில் அடையுங்கள்.

யாராவது ஏற்கெனவே பணத்தை இழந்திருந்தால் பட்டியல் வேலை அப்புறம். முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.