பிள்ளைக்கு ஜீவனாம்சம் கோர்ட்ல எப்படி கணக்கு பண்ணுவாங்க?

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் பிரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, பையன் ரெண்டாங்கிளாஸ், என்கூட மதுரைல அம்மா வீட்ல இருக்கான். நான் துணிக்கடைல பில்லிங்ல இருக்கேன், கைக்கு 13,000 வருது. அவர் லேத் பட்டறை வச்சிருக்கார், கேட்டா வருமானமே இல்ல கடன்தான் இருக்குங்கிறார். சம்பளத்துல 25% கண்டிப்பா தரணும்னு ஒருத்தங்க சொல்றாங்க, நீதான் வேலைக்குப் போறியே ஒண்ணும் கிடைக்காதுன்னு இன்னொருத்தங்க சொல்றாங்க. யாராவது விவரம் சொல்லுங்க ப்ளீஸ், ராத்திரி தூக்கமே வரல.

பதில் 1
சிஸ்டர், நான் குடும்ப நல கோர்ட்ல ப்ராக்டிஸ் பண்றேன். 25% சட்டமே கிடையாது, 2017ல ஒரு கேஸ்ல மனைவிக்கு கணவரோட நிகர சம்பளத்துல 25% தரலாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது அப்படியே பரவிடுச்சு. பிள்ளைக்குன்னு எந்த சதவீதமும் எழுதி வைக்கல. பிள்ளையோட தேவை என்ன, அப்பாவால எவ்வளவு முடியும், அம்மா கையில என்ன இருக்கு, இதைத்தான் ஜட்ஜ் பார்ப்பார். நீங்க சம்பாதிக்கிறதால பையனோட உரிமை போயிடாது, செலவைப் பங்கு பிரிக்கும்போது உங்க வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க, அவ்வளவுதான். 2020ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்கு அப்புறம் ரெண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்ல (சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கிற பத்திரம்) காட்டணும். பணம் மனு போட்ட தேதில இருந்தே கணக்கு, அதனால தள்ளிப்போடாதீங்க. ஜீவனாம்சம் கேட்கிற பிரிவு முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125, 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா வந்த புது சட்டத்துல (BNSS) 144. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படாதீங்க, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணுங்க.

பதில் 2
அக்கா எனக்கும் இதேதான் நடந்துச்சு, அவரும் வருமானம் இல்லன்னுதான் எழுதிக் கொடுத்தார். நான் ஒரு மஞ்சப்பை நிறைய ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வேன் காசு எழுதின நோட்டு, பாப்பாவுக்கு வீசிங் வந்தப்போ வாங்கின நெபுலைசர் பில்லு வரைக்கும் தேதிவாரியா அடுக்கிக் கொண்டுபோனேன், அதோட அவர் கடையோட கரண்ட் பில்லும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும். அதைப் பார்த்துட்டுத்தான் தொகையே ஏத்துனாங்க. சும்மா "செலவாகுது"ன்னு சொன்னா எடுபடாது. ஆர்டர் வந்ததும் வேலை முடிஞ்சிடலக்கா, பணம் வராட்டி வராத தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள பாக்கிக்கு மனு போட்டுடுங்க. நான் விவரம் தெரியாம 4 மாசப் பணத்தை விட்டேன், இன்னும் மனசு ஆறல.

பதில் 3
நான் பணம் கட்டுற அப்பா. மாசம் 8,000 பேங்க்லயே போட்டுடுவேன், கையில கொடுத்தா ரெண்டு பேருக்குமே ப்ரூஃப் இருக்காது. நடுவுல வேலை போனப்போ நிறுத்தாம, தொகையைக் குறைக்கச் சொல்லி கோர்ட்லயே மனு போட்டேன். உங்க வீட்டுக்காரருக்கும் அந்த வழி இருக்கு. அதே மாதிரி பையன் பெரிய கிளாஸ் போய் செலவு கூடினா நீங்களும் ஏத்திக் கேட்கலாம்.

கேட்டவர்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரசீதெல்லாம் பீரோல அங்கங்க கிடக்கு, இன்னைக்கே எடுத்து அடுக்குறேன். திங்கக்கிழமை லீவு சொல்லிட்டு சட்ட உதவி மையத்துக்குப் போறேன். வேன்காரர் ரசீதே தர்றதில்ல, மாசாமாசம் ஜிபே பண்ணினது போதுமா அக்கா?

பதில் 2
தாராளமா போதும். பேங்க்ல ஸ்டேட்மென்ட் வாங்கி அந்த வரிகளை பேனாவால கோடு போட்டு வைங்க.