செம்மண் ஒழுங்கையும் காப்பெற் வீதியும்: பல் ரயருக்கு மட்காட் போட்டு ஓடியவர்களின் அனுபவம்

நீர்வேலியிலிருந்து:

வேலைக்குத் தினமும் சைக்கிளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போகிறேன். பெரிய வீதியால் போகலாம், ஆனால் காலையில் பஸ்ஸும் ஓட்டோவும் முழங்கையை உரசிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் தோட்டவெளிக்குள் இறங்கி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவால் உரும்பிராய் வந்து, பலாலி வீதியில் ஏறி, கோண்டாவில் தாண்டிப் போவேன். ஏறக்குறையப் பாதி செம்மண் ஒழுங்கை, மிச்சம் காப்பெற் போட்ட தார் வீதி. கோடையில் எந்த ரயரும் போதும். ஐப்பசி மழை தொடங்கினால் பிறகு தை வரைக்கும் அந்த ஒழுங்கைகளில் சாதாரண ரயர் நிற்காது. சவர்க்காரத்தில் கால் வைத்தது போலச் சறுக்கும்.

போன வருடம் என்னுடைய 26 இஞ்சி மவுண்டன் பைக்குக்கு 2.10 அகலத்தில், கட்டை கட்டையாகப் பல் வைத்த ரயர் இரண்டு வாங்கிப் போட்டேன். பிடிமானம் அருமை. பழைய மட்காட்டை மாற்றாமல் அப்படியே விட்டேன். ரயருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பென்சில் போகும் அளவு இடைவெளிதான் இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள், விடிய விடியப் பெய்து ஓய்ந்த காலை. பாதி வழியில் பின் சில்லு இறுகத் தொடங்கியது. பிறேக் பிடிக்கிறது என்று நினைத்து அதைத் தளர்த்தினேன். பிறகும் சுற்றவில்லை. குனிந்து பார்த்தால், பெடல் அச்சுக்குப் பின்னால், மட்காட்டின் கீழ் நுனியில் செம்மண்ணும் வாழைச்சருகும் சேர்ந்து கல்லாக நிற்கிறது. சருகின் நார் மண்ணைக் கட்டிப் பிடித்துவிடுகிறது, மண்சுவருக்கு வைக்கோல் போட்டுக் குழைப்பதைப் போல. வேலியில் கிடந்த பனம்மட்டையில் ஒரு சிராய் கிழித்து, அரை மணித்தியாலம் தோண்டி எடுத்தேன். 200 மீற்றர் போவதற்குள் திரும்பவும் இறுகியது. கடைசியில் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டுதான் உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தேன்.

வீதியோரச் சைக்கிள் கடை ஐயா ஒருவர் அதைக் கழுவிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, சில்லு சுத்திற பக்கத்துக்கு இடம் கூடிக்கொண்டு போகவேணும். உள்ள வாறது வெளியில போகேலாட்டி, அங்கதான் இருந்து கட்டியாகும்." யோசித்துப் பார்த்தால் முழுக்கச் சரி. பின் சில்லில் மண் மட்காட்டின் பின் நுனியால் நுழைகிறது, மேலே போய், முன்பக்கமாக இறங்கி, பெடல் அச்சுக்குப் பின்னால் வெளியேற வேண்டும். என்னுடையதில் அந்த வெளியேறும் வாய்தான் எல்லா இடத்தையும்விட ஒடுக்கம்.

அவர் சொன்னபடி மூன்று வேலை செய்தோம். ரயரை 1.95 ஆக்கினோம், அதாவது ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் அகலம். மட்காட்டை 60 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பிளாஸ்ரிக் ஒன்றாக மாற்றினோம். பின் மட்காட்டின் முன் கீழ் நுனியில் இரண்டு இஞ்சியை அரிந்து எடுத்தோம். இப்போது மேல்பக்கத்தில் பெருவிரல் நுழைகிறது. அரிந்த இடத்தால் சேறு பெடல் அச்சில் விழுகிறது என்பது உண்மை, அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடத்தைக் கழுவி எண்ணெய் விடுகிறேன். ஆனால் அந்த மழைக்காலம் முடியும்வரை ஒரு நாளும் சில்லு இறுகவில்லை.

பல் ரயரையும் மட்காட்டையும் ஒன்றாகப் பாவிக்கிற மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மட்டுவிலிலிருந்து:

தம்பி, பின் சில்லு இறுகினால் இறங்கி நடக்கலாம். முன் சில்லில் நடந்தால் ஆள் தப்புவது பெரும்பாடு. எனக்கு நடந்ததை எழுதுகிறேன், யாராவது ஒருவருக்காவது உதவட்டும்.

எங்கள் பக்கம் செம்மண் இல்லை, மணலும் கிறவல் பரப்பிய ஒழுங்கைகளும்தான். மண் ஒட்டாது என்பதால் மட்காட்டைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒரு பின்னேரம் பிள்ளையை ரியூசனிலிருந்து கூட்டிவரப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல காலம், தனியாகத்தான் போனேன். வேலி வெட்டிப் போட்ட கிளுவங்கொப்பு ஒன்று ஒழுங்கையில் கிடந்தது. மொட்டை ரயர் என்றால் அதன்மேல் ஏறிப் போயிருக்கும். பல் ரயர் அதைக் கவ்வித் தூக்கி, பின்பக்கத்தால் முன் மட்காட்டுக்குள் இழுத்துவிட்டது. தகரம் சுருண்டு மடிந்தது, தாங்கு கம்பி வளைந்து ஸ்போக்ஸுக்குள் போனது, சில்லு அப்படியே நின்றுவிட்டது. நான் ஹாண்டிலுக்கு மேலால் போய் விழுந்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு கிழமை கையைத் தூக்கிக் கட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு முன் மட்காட்டின் தாங்கு கம்பிகளை ஆணி போட்டு இறுக்குவதில்லை. இழுத்தால் கழன்று வருகிற பிளாஸ்ரிக் பிடி உள்ள மட்காட்டாகப் பார்த்து வாங்கினேன். கொப்போ கல்லோ மாட்டினால் கம்பி பிடியிலிருந்து கழன்றுவிடும், மட்காட் சில்லோடு சுருளாது. பல் ரயர் போடுகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இன்னொன்று. சைக்கிளைப் பின்னால் தள்ளும்போது கவனம். பின்னால் உருட்டினால், சாமான் வெளியேற வேண்டிய முன் நுனியே உள்ளே இழுக்கும் வாயாகிவிடுகிறது. படலையடியில் சைக்கிளைத் திருப்பும்போது ஒரு சுள்ளி மாட்டி இரண்டாம் மட்காட்டும் வெடித்தது. இப்போது முன்பக்கத்தைத் தூக்கித்தான் திருப்புகிறேன்.

இணுவிலிலிருந்து:

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சேலையோடுதான் சைக்கிள் ஓடுகிறேன். மகளும் வெள்ளைச் சீருடையோடு பின்னால் தன் சைக்கிளில் வருவாள். எங்கள் வீட்டில் மட்காட் இல்லாத சைக்கிளுக்கு இடமே இல்லை. ஆனால் மகள் பல் ரயர் வேண்டும் என்று நின்றாள், போன மாரியில் மூன்று தரம் சறுக்கி விழுந்தவள் கேட்கும்போது மறுக்க முடியவில்லை.

போட்ட முதல் நாளே அவளுடைய சப்பாத்தும் சொக்ஸும் முழங்கால் வரைக்கும் சிவப்பு. பல் ரயர் ஒவ்வொரு பல்லுக்கு நடுவிலும் கொஞ்சம் சேற்றை வைத்துக்கொண்டு வந்து எறிகிறது. முன் மட்காட் பெடலுக்கு மேலேயே முடிந்துவிடுவதால் அது நேரே காலில்தான் விழும். தம்பியவரின் பழைய மோட்டார் சைக்கிள் ரியூபில் ஒரு துண்டு வெட்டி, முன் மட்காட்டின் கீழ் நுனியில் இரண்டு நட்டுப் போட்டுத் தொங்கவிட்டோம். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே விட்டால் மேடு பள்ளத்தில் இழுபட்டுச் சில்லுக்குள் மடிகிறது, அதையும் ஒருமுறை பார்த்துவிட்டோம். இப்போது சப்பாத்து வெள்ளையாகவே பள்ளிக்கூடம் போகிறது. செயினிலும் மண் குறைவு, இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மகளுக்கு அடுத்த ரயர் வாங்கும்போது நடுவில் பல் நெருக்கமாகவும் ஓரத்தில் மட்டும் பெரிய பல்லாகவும் இருப்பதை எடுத்தோம். நீர்வேலித் தம்பி போடுவது போன்ற முழுப் பல் ரயர் காப்பெற் வீதியில் "ஊம்" என்று இரையும், கால் உளையும், நடுப் பல்லும் கெதியில் தேய்ந்துவிடும். பாதி வழி வீதி என்றால் இதுதான் நல்லது என்று அனுபவத்தில் சொல்கிறேன். காற்றையும் அடித்து இறுக்காமல் 40 இறாத்தல் அளவில் விட்டிருக்கிறோம்.

பருத்தித்துறையிலிருந்து:

இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. ரயர் வாங்கும்போது "26" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். என் பழைய 26 இஞ்சி சைக்கிளுக்குப் பல் ரயர் போடலாம் என்று மவுண்டன் பைக் ரயர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். றிம்மில் ஏறவே இல்லை. இரண்டு நெம்பிகளும் வளைந்ததுதான் மிச்சம்.

காரணம் பிறகுதான் விளங்கியது. 26 என்பது காற்றடித்த ரயரின் வெளி விட்டம். றிம்மின் அளவு அல்ல. மவுண்டன் பைக்கின் 26க்கு றிம் அளவு 559, பழைய 26 × 1⅜ சைக்கிளுக்கு 590. 31 மில்லிமீற்றர் வித்தியாசம், எந்த நெம்பியாலும் ஏற்ற முடியாது. ரயரின் பக்கச் சுவரில் 50-559 என்றோ 37-590 என்றோ சின்னதாக அச்சடித்திருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது றிம். கடைக்குப் போகுமுன் உங்கள் பழைய ரயரில் இதைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

28 இஞ்சிப் பெரிய சைக்கிள்களின் றிம் 635. பெற்றோல் வராத 1990களில் எங்கள் குடும்பத்துக்கு அரிசி மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் ஏற்றியது அந்தச் சைக்கிள்தான். அப்பாவின் 28இல் ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் என் இரண்டு விரல் போகும். ஒல்லி ரயருக்கு ஏன் இவ்வளவு இடம் விட்டார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் அது சேற்றில் இறுகி நின்றதாக ஞாபகம் இல்லை. இன்றைக்கு நீர்வேலித் தம்பி எழுதியதை வாசித்தபோதுதான் அந்த இடத்தின் பெறுமதி தெரிகிறது.

வேலணையிலிருந்து:

கடலுக்கு நடுவால் போகும் பண்ணைப் பாலத்தால் தினமும் வந்து போகிறேன். எனக்குச் சேற்றைவிட உப்புத்தான் கரைச்சல். தகர மட்காட் இரண்டு வருடத்தில் நட்டு இருக்கும் இடங்களில் பொத்துப்போனது. பிளாஸ்ரிக் போட்டபின் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் கம்பிகளும் நட்டுகளும் இரும்புதானே, கிழமைக்கு ஒருமுறை கிணற்றுத் தண்ணீரால் கழுவுங்கள். பல் ரயரின் அதிர்வுக்கு நட்டு கழரும். பழைய ரியூபில் வட்டமாக வெட்டி வாசர் போல வைத்தால் கழராது, சத்தமும் போய்விடும்.

நீர்வேலியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. மட்டுவில் அண்ணை எழுதியதை வாசித்துவிட்டு நேற்றுப் பின்னேரமே என் முன் மட்காட்டைப் பார்த்தேன். நான்கு கம்பியும் ஆணி போட்டு இறுக்கித்தான் இருக்கிறது. அந்தக் கழருகிற பிடி நகரத்தில் கிடைக்கிறதா என்று சனிக்கிழமை தேடப்போகிறேன். கிடைக்கும்வரை முன் மட்காட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன், மழை இன்னும் தொடங்கவில்லை. அக்கா சொன்ன ரப்பர் துண்டுக்கு வீட்டில் பழைய ரியூப் இருக்கிறது. ஒரு சாண் உயரம் என்றது என்னுடைய 26 இஞ்சிக்கும் சரியா, அல்லது மகளின் சைக்கிள் சின்னதா என்று மட்டும் சொல்லுங்கள், வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்கிறேன்.

இணுவிலிலிருந்து:

அவளுடையதும் 26தான் தம்பி. கொஞ்சம் நீளமாக வெட்டிப் போட்டு, தோட்டவெளிக்குள் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டு மிச்சத்தை அரிந்துவிடுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.